கெலவரப்பள்ளிக்குப் பூசிய மஞ்சள்

நம் வயதுக்காரர்களுக்கெல்லாம் காதோரம் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது ஒரு "அம்மாடி" தானாக வருகிறது. ஆகவே பழங்கதை பேசும் தகுதி நமக்கும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஓசூரில் வளர்ந்தவர்கள் ஆளுக்கொரு கம்பெனிக் கதை வைத்திருப்பீர்கள். சங்கு ஊதுவதைக் கேட்டு உலை வைத்த கதை, ஷிஃப்ட் பஸ்ஸின் பின்னால் ஓடிய கதை. என்னிடம் இருப்பது படம் வரைந்த கதை. அதுவும் சைனா படம். சிரிக்காதீர்கள்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. செல்போன் நம் அப்பாக்களின் சட்டைப்பைக்கு இன்னும் வந்து சேரவில்லை. என் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்தார். பாகலூர் ரோட்டில் ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் நிலத்தின் ஓரமாக வாடகைக்கென்று கட்டிவிட்டிருந்த வீட்டில் கீழ்ப்பகுதி எங்களுடையது. பின்பக்கம் அவர்களுடைய ரோஜாவும் முட்டைக்கோசும். வீட்டுக்காரம்மா வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு அப்பாவின் கம்பெனிக்குச் சைனாவிலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கியது. அதை நிறுத்தி ஓட்டிக் காட்ட ஒரு இன்ஜினியர் வந்தார். கூடவே அவருடைய இளம் மனைவி. கம்பெனி அவர்களுக்கு எங்கள் வீட்டு மாடியைப் பிடித்துக் கொடுத்தது. மெஷின் ஓடும்வரை இருப்பார்கள், ஓடியதும் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த மெஷினில்தான் அப்பாவைப் போட்டிருந்தார்கள். அது நல்லபடியாக ஓடினால் அவருக்கு ஒரு படி உயர்வு என்று பேச்சு இருந்தது.

மெஷின் வந்த பெட்டிகளின் பலகையை அப்பா ஒரு நாள் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வெளேரென்று, பிசின் வாசனையோடு இருந்தது. அதில் எனக்கு ஒரு குட்டை மேஜை அடித்துக் கொடுத்தார். மேல்பலகையில் ஒரு குடைப் படமும் உடைகிற கோப்பைப் படமும் மேலே பார்க்கும் இரண்டு அம்புகளும் கறுப்பில் அச்சடித்திருக்கும். மேஜையாக அடித்ததில் அந்த அம்புகள் பக்கவாட்டில் திரும்பிவிட்டன. அந்த மேஜையில் உட்கார்ந்து எழுதும்போதெல்லாம் எதையோ தலைகீழாக வைத்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றும்.

மாடியில் வந்த பெண் வெளியே தலைகாட்டவே இல்லை. "திமிரு" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். வீட்டுக்காரம்மாவுக்கு வேறு கவலை.

"ஏம்மா, மேல ஊட்ல பல்லி சத்தமே காணோமே, கவனிச்சியா? எல்லாத்தையும் தின்னுட்டாங்க போல."

"சும்மா இருங்கக்கா, நீங்க வேற," என்றாள் அம்மா. ஆனால் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுச் சுவரில் பல்லி இருக்கிறதா என்று அவளும் அண்ணாந்து பார்த்தாள். இருந்தது. கொழுத்துப் போய் டியூப்லைட்டுக்குப் பின்னால் சுகமாக இருந்தது.

தீபாவளிக்கு முறுக்குச் சுட்டபோது அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தட்டில் வைத்து என்னிடம் கொடுத்தாள். "மேல குடுத்துட்டு வா. வாசல்லயே நின்னுக்க. திருப்பி எதுவும் குடுத்தா வாங்கித் திங்காத, ஆமா."

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கறுப்புக் கல்லின் மேல் தண்ணீர் விட்டு, ஒரு கறுப்புக் கட்டியை வட்டம் வட்டமாக உரைத்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கற்பூர வாசனை கம்மென்று அடித்தது. நான் தட்டோடு கீழே ஓடிவந்தேன்.

"அம்மா, அவங்க பூஜை பண்றாங்கம்மா! கோயில் வாசனை வருது. கல்லுல என்னமோ உரைக்கிறாங்க!"

பல்லி தின்கிறவள் வீட்டில் பூஜையா? அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள். நான் பின்னாலேயே போனேன். வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்தவள், "அடியாத்தி, சந்தனம் உரைக்கிற மாதிரியில்ல உரைக்கிறா!" என்று நேரே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். கையை நீட்டிக் கட்டியைக் கேட்டாள். வாங்கி, அழுத்தாமல், வட்டம் கலையாமல் உரைத்தாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. வேகவேகமாகத் தலையை ஆட்டினாள்.

பிறகு பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடித்து, கல்லில் உரைத்த அந்தக் கற்பூர வாசனை மையில் தொட்டு, கம்பளியின் மேல் விரித்திருந்த மெல்லிய தாளில் ஒரு இழுப்பு இழுத்தாள். மலை நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே இழுப்புதான். ஒரு பக்கம் கறுகறுவென்று, மறுபக்கம் புகை மாதிரி. கிருஷ்ணகிரி போகிற வழியெல்லாம் நாம் பார்க்கிற மொட்டைப் பாறை மலை அச்சு அசலாக அப்படியே. எனக்கும் அது வேண்டும் என்று உடம்பெல்லாம் ஆசை பிடித்துக்கொண்டது.

"எம் மகளும் எதையாச்சும் கிறுக்கிக்கிட்டே இருப்பா, இவளுக்கும் சொல்லிக் குடு தாயி," என்று அம்மா தமிழில் சொன்னாள். அந்தப் பெண் சைனா மொழியில் என்னமோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பேச்சு முடிந்துவிட்டது. மறுநாள் முதல் பள்ளிக்கூடம் விட்டதும் நான் மாடிக்குப் போனேன். அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா.

அக்கா பெரிய ஓவியர் ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் அவளுக்குக் கணக்கு எழுதுகிற வேலை என்று அவள் புருஷன் அரைகுறை இங்கிலீஷில் அப்பாவிடம் சொல்லியிருந்தார். சின்ன வயதில் கற்றுக்கொண்டு விட்டுப்போனதை, இங்கே பொழுது போகாமல் ஒரு படப் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுடைய மரங்கள் பல நாள் துடைப்பத்தை நட்டுவைத்த மாதிரி இருக்கும். அவளே பார்த்து "ஐயோ!" என்று கசக்கி எறிவாள். ஐயோ, தண்ணி, போதும். இந்த மூன்றும்தான் அவளுக்குத் தெரிந்த தமிழ். போதும் என்பது அம்மா பரிமாறும்போது தற்காப்புக்காகக் கற்றுக்கொண்டது. அதையே என்மேல் திருப்பிவிட்டாள். ஒரு பாறை வரைந்து, அழகாக வந்துவிட்ட குஷியில் இன்னொரு கோடு போடப் போவேன் பாருங்கள், பின்னாலிருந்து "போதும்!" என்று குரல் வரும். கை அப்படியே நிற்கும்.

அந்தத் தாள் ஓசூரில் கிடைக்காது. பெங்களூரிலும் அவள் புருஷன் தேடிப் பார்த்துவிட்டார். கொண்டுவந்த சுருள்தான், அது தீர்ந்தால் தீர்ந்தது. அதனால் எனக்குப் பழைய தினசரித் தாள். கொலை, கொள்ளை, ராசிபலன் எல்லாவற்றின் மேலும் மலையாக வரைந்து தள்ளினேன். பிரஷ்ஷில் முதலில் தண்ணீர், பிறகு நுனியில் மட்டும் மை. படுக்கப் போட்டு இழுத்தால் பாறை. மையும் தண்ணீரும் குறைந்து காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் பாறையின் சொரசொரப்பு. கறுப்பு என்றால் ஒரு கறுப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். ஈரச் சிலேட்டுக் கறுப்பு, காக்கா இறக்கைக் கறுப்பு, அடுப்புப் புகை, மழைக்கு முந்திய மேகம் என்று ஒரே கட்டிக்குள் அத்தனையும் இருந்தன.

ஆனால் என் கண் வேறிடத்தில். ஜன்னல் ஓரம் ஒரு தகரப் பெட்டியில் கலர் டியூப்கள் இருந்தன. மயில்கழுத்துப் பச்சை, செங்கல் சிவப்பு, ஒரு எலுமிச்சை மஞ்சள். தினமும் அதைக் காட்டிக் கேட்பேன். அக்கா மைக்கல்லைக் காட்டுவாள். இது வந்த பிறகு அது. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

அம்மாவும் என் கட்சிதான். "பூராம் கறுப்பாக் கெடக்கேடி. மங்களகரமா ஒரு கலரு வேணாமா?" பள்ளிக்கூடத்து டிராயிங் மிஸ் அதற்கும் மேலே. நான் கொண்டுபோன மலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேக்ரவுண்ட் எங்க? பாதிப் பேப்பர் வேஸ்ட்டா இருக்கு, ஃபில் பண்ணிட்டு வா," என்றார். க்ரேயானால் ஆகாயத்தை நீலமாக அழுத்தித் தேய்த்தேன். முழு மதிப்பெண் கிடைத்தது. அக்காவிடம் காட்டினேன். அவள் நீல ஆகாயத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய சிரிப்புச் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதற்கு நடுவில் மெஷின். தினமும் அப்பா வந்து டிபன் கேரியரைத் திண்டில் வைத்துவிட்டு, "இன்னைக்கும் மக்கர் பண்ணிருச்சு," என்பார். எனக்கு உள்ளுக்குள் வெல்லம் தின்ற மாதிரி இருக்கும். அப்பாவுக்கு மெஷின் ஓட வேண்டும், எனக்கு ஓடக் கூடாது. விளக்கேற்றியதும் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டோம். சாமி பாடு திண்டாட்டம்தான்.

அரைப் பரீட்சை லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஜீப்பில் எல்லாருமாகக் கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். நம்மூர் மார்கழிப் பனி உங்களுக்குத் தெரியாததா? அணைக்கட்டின் மதகுகள் தெரிந்தன, கரையோரப் பாறைகள் தெரிந்தன, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, ஆகாயம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அக்கா என் தோளைத் தட்டி, அந்த ஒன்றுமில்லாத இடத்தைக் கையால் வளைத்துக் காட்டி, "பேப்பர்," என்றாள். எனக்குச் சுரீரென்று புரிந்தது. அந்த இடத்தை வரைய வேண்டியதில்லை, தாளே அதைப் பார்த்துக்கொள்ளும். மிஸ் வேஸ்ட் என்று சொன்னது இதைத்தான். நீல க்ரேயானை நினைத்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அங்கேதான் அம்மாவுக்கும் ஒன்று புரிந்தது. புளியோதரையைப் பிரித்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊறுகாயை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு நக்கினாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, இந்தப் பிள்ளை முழுகாம இருக்குங்க!" என்றாள் அப்பாவிடம். "வந்ததுல இருந்து மசக்கையில சுருண்டு கெடந்திருக்கா. நான் பாவி, திமிருன்னுல நெனச்சேன்."

அன்றிலிருந்து மாடிக்கு ரசமும் நெல்லிக்காயும் போயின. மாங்காய்க் காலமே இல்லாதபோதும் வீட்டுக்காரம்மா எங்கிருந்தோ மாங்காய் கொண்டுவந்தார்.

பொங்கல் முடிந்து இரண்டொரு நாளில் அப்பா ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தார். மெஷின் ஓடிவிட்டது. நாள் முழுக்க நிற்காமல் ஓடியதாம். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார், அத்தனை பெரிய பெண்ணை. நான் ஜாங்கிரியை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். "சந்தோஷத்துல அழுவுறா," என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு நிஜமாகவே கொஞ்சம் சந்தோஷமும் வந்தது.

டிக்கெட் போட்டாகிவிட்டது. அக்கா பெட்டி கட்டத் தொடங்கினாள். கலர் டியூப்களும் பெட்டிக்குள் போய்விட்டன. சுருளில் கடைசியாக ஒரு முழுத் தாள் மிஞ்சியிருந்தது. அதை என் கையில் கொடுத்து, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். உனக்கு, என்று. நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். அதில் கெலவரப்பள்ளியை வரைந்து அவளுக்கே கொடுத்தனுப்ப வேண்டும். கெட்டுப்போனால் வேறு தாள் கிடையாது. விடிந்தால் அவர்கள் கிளம்புகிறார்கள்.

பலகை மேஜையில் கம்பளியை விரித்து, அக்கா கல்லைப் பெட்டியில் வைக்குமுன் கிண்ணத்தில் உரைத்துக் கொடுத்திருந்த மையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். மதகுகளை நாலைந்து கோட்டில் முடித்தேன். பாறைகள் வந்தன. அக்கரையைத் தொடவே இல்லை. "போதும்" என்று யாரும் சொல்லாமல் நானே பிரஷ்ஷைக் கீழே வைத்தது அன்றுதான் முதல் தடவை. எழுந்து நின்று பார்த்தேன். பனி தெரிந்தது. நான் வரையாத பனி! மனசு நிறைந்துபோய், காயட்டும் என்று விட்டுவிட்டு, தெருமுனைக் கடைக்கு நூலும் கலர்ப் பேப்பரும் வாங்க ஓடினேன்.

திரும்பி வந்தபோது தாளின் நாலு மூலையிலும் மஞ்சள்.

பத்திரிகை வைத்தாலும் புதுத்துணி எடுத்தாலும் நாலு மூலையில் மஞ்சள் தொட்டு வைப்போமே, அந்த மஞ்சள். துணியில் வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். இது தண்ணீரைக் கண்டால் உறிஞ்சுகிற தாள். விரல்நுனி அளவு வைத்தது தோசை மாதிரிப் பரவி, ஆகாயத்தையும் தண்ணீரையும் தின்றுகொண்டு நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா பண்ணித் தொலைச்ச!"

"மாசமா இருக்கிற பிள்ளைக்குக் குடுக்கிற பொருளுடி," என்றாள் அம்மா. அவள் முகம் வெளுத்துவிட்டது. "வெறுங் கறுப்பாக் குடுக்கலாமா? நல்லதுக்குத்தான் வச்சேன். இப்படி ஓடும்னு கண்டேனா?" முந்தானையால் ஒற்றப் போனாள். இன்னும் பரவியது. நான் போட்ட கூப்பாட்டில் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

மாடிப்படியில் ரப்பர் செருப்புச் சத்தம். அக்கா வயிற்றைப் பிடித்தபடி இறங்கி வந்தாள். படத்தைப் பார்த்தாள். அம்மாவின் மஞ்சள் விரலைப் பார்த்தாள். குனிந்து என் பாறையையும் மதகையும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் கன்னத்தைத் துடைத்து, "போதும்," என்றாள்.

மஞ்சளைத் தொட்டு மோந்தாள். அம்மாவிடம் விரலைக் காட்டி, இன்னும் வேண்டும் என்று ஜாடை செய்தாள். அம்மா தயங்கித் தயங்கிப் பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தை எடுத்துவந்தாள். அதற்குள் அக்கா மாடிக்குப் போய், பெட்டியைப் பிரித்து, மைக்கல்லோடு வந்துவிட்டாள். கல்லைக் கழுவிக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை அம்மா முன்னால் வைத்தாள். அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு கிழங்கை ஒடித்து, குளிக்கப் போகுமுன் உரசுகிற மாதிரி வட்டம் வட்டமாக உரசத் தொடங்கினாள்.

அக்கா பட்டையான பிரஷ்ஷைச் சுத்தத் தண்ணீரில் நனைத்து ஆகாயம் முழுவதும் தடவினாள். காய்ந்த மை அசையவில்லை. பிரஷ்ஷை மஞ்சளில் தொட்டு என் கையில் கொடுத்தாள். அத்தனை மாதம் நான் கெஞ்சிய கலர்! மூலையிலிருந்து உள்ளே இழுத்தேன். திட்டு கரைந்தது. இழுக்க இழுக்க மஞ்சள் மெலிந்து மெலிந்து, பாறையின் ஓரத்தில் வெறும் வெளிச்சமாக நின்றது. அக்கரை இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருந்தது. அங்கே போகப் போனேன். "போதும்!" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கெலவரப்பள்ளியில் விடிந்துகொண்டிருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கன்னத்திலும் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை அம்மா அக்காவை மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் குங்குமம் வைத்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டாள். வெற்றிலை பாக்கோடு மிச்சமிருந்த மஞ்சள் கிழங்குகளையும் ஒரு துணியில் முடிந்து மடியில் வைத்தாள். எந்தச் சுமங்கலி வீட்டுக்கு வந்து போனாலும் செய்கிறதுதானே என்று நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. என் கண்ணெல்லாம் படத்தின் மேல். அக்கா அதைச் சுருட்டி, என் நூலால் கட்டி, பெட்டியில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். வீட்டுக்காரம்மா மூக்கைச் சிந்தினார். "தங்கமான பொண்ணு. பல்லி கில்லின்னு யாரு கெளப்பிவுட்டாங்களோ, வாய் அழுகிப் போவ!"

எனக்கு ஒரு பிரஷ்ஷும் பாதி மைக்கட்டியும் விட்டுப் போனாள். கட்டி தேய்ந்து தேய்ந்து சில்லாகிக் கரைந்தது. பிரஷ்ஷின் மயிரைப் பூச்சி தின்றது. மேஜை வீடு மாறும்போது எங்கேயோ தங்கிவிட்டது. அந்த வீடும் இப்போது இல்லை. அங்கே வேறு என்னமோ கம்பெனியின் குடோன் நிற்கிறது. அக்காவுக்குப் பெண்ணா பிள்ளையா என்றுகூடத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி வைத்துக்கொள்ளாமல் பிரிவதுதான் அன்றைக்கெல்லாம் வழக்கம். ஆனாலும் அந்தப் பருவத்தை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் என் மகளின் வெள்ளைச் சட்டையில் சாம்பார்க் கறை. நான் தேய்த்துத் தேய்த்துக் களைத்துப் போனேன். அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். "எதுக்குப் போட்டு இந்தத் தேய்ப்பு? வெயில்ல போட்டா மஞ்சக் கறை தானாப் போயிரும்."

எத்தனையோ தடவை கேட்ட பேச்சு. அன்றைக்கு மட்டும் திக்கென்றது. வெளிச்சம் பட்டால் மஞ்சள் போய்விடும். அப்படியானால் என் படம்? அக்கா அதைச் சுவரில் மாட்டியிருந்தால் விடியல் எப்போதோ வெளுத்துப் போயிருக்கும். மஞ்சள் இருக்கிறது என்றால் அவள் அதை மாட்டவே இல்லை, இருட்டில் எங்கேயோ சுருட்டிப் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். இரண்டுமே எனக்குத் தாங்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன்.

"மாட்டாம இருப்பாளா? மாட்டித்தான் இருப்பா," என்றாள் அம்மா.

"அப்ப மஞ்சள் போயிருக்கும்லம்மா."

"போவட்டுமே. போகும்னு எனக்கு அன்னைக்கே தெரியாதா?" அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதுக்குத்தானடி மடியில கெழங்கு முடிஞ்சு விட்டேன். கல்லு அவகிட்ட இருக்கு. உரசுறதையும் பாத்துட்டுப் போனவதான். வெளுத்தா திரும்பப் பூசிக்க மாட்டாளா?"

சொல்லிவிட்டுச் சட்டையை உதறி, கறை வெயில் பக்கம் வருகிற மாதிரித் திருப்பிக் கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டினாள்.